பதிலுக்குக் காத்திருத்தல்

குமரகுருபரர் ஐந்து வயது வரை பேசவில்லை என்பது தாமிரபரணிக் கரையில் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த பிள்ளை. பெற்றவர்கள் திருச்செந்தூருக்குத் தூக்கிப்போய் முருகன் சந்நிதியில் விரதம் கிடந்தார்கள். பேச்சு வந்தது, வந்த பேச்சே கந்தர் கலிவெண்பாவாக வந்தது என்பார்கள். 17-ஆம் நூற்றாண்டின் இந்தக் கதை அந்தப் பக்கத்து வீடுகளில் இன்றும் புழங்குகிறது. இரண்டரை வயதாகியும் பேசாத பிள்ளையை வைத்துக்கொண்டு கலங்கி நிற்கும் தாயிடம் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார்கள். "குமரகுருபரரே அஞ்சு வயசுலதாம்மா பேசினாரு. உம் பிள்ளைக்கும் வந்துரும், போ."

நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் கதையில் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அந்தப் பெற்றோர் வந்துரும் என்று வீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை. தங்கள் காலத்தில் தங்களுக்குத் தெரிந்த ஆகப்பெரிய இடத்துக்குப் பிள்ளையைக் கொண்டுபோனார்கள்.

இந்த ஆறுதலுக்கு இன்னும் பல வடிவங்கள் உண்டு. அவன் அப்பனும் மூணு வயசுலதான் வாய் தொறந்தான். ஆம்பளப் பிள்ளை பிந்தித்தான் பேசும். வீட்டுல பேச்சுத்துணைக்கு ஆள் இல்ல, ஸ்கூல்ல போட்டா பேசிரும். இவற்றில் எதுவும் முழுப் பொய் இல்லை. பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகள் சராசரியாகச் சற்றுப் பிந்திப் பேசுவது உண்மை. 2 வயதில் 50 வார்த்தைகூட இல்லாமல், இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்லாமல் இருக்கிற குழந்தைகளில் பெரும்பகுதி பள்ளி வயதுக்குள் மற்றவர்களை எட்டிப்பிடித்துவிடுகிறது என்பதும் ஆய்வுகளில் கண்டதுதான். பேரப்பிள்ளைகள் பலரை வளர்த்த ஆச்சியின் அனுபவம் பிழையானதில்லை. அவள் பார்த்த பிள்ளைகள் அநேகமாக எல்லாம் பேசிவிட்டன.

அந்த ஆறுதல் பெரும்பாலும் பலித்துவிடுவதால்தான் அது எனக்குப் பயம் தருகிறது. பலிக்காத பிள்ளை எது என்று ஆச்சியால் பார்த்தவுடன் சொல்ல முடியாது. தாயால் முடியாது. குழந்தை மருத்துவராலும் வெறும் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது. காதைச் சோதிக்க வேண்டும். பிள்ளை எப்படி விளையாடுகிறது, எப்படிக் கவனிக்கிறது, வேண்டியதை எப்படிக் காட்டுகிறது என்று உட்கார்ந்து பார்க்க வேண்டும். அதுவரைக்கும் வந்துரும் என்பது ஒரு யூகம். அந்த யூகத்தில் கழியும் மாதங்கள் பிள்ளையின் கணக்கில்தான் கழிகின்றன.

பேச்சு வரவில்லை என்றதும் எல்லோரும் நாக்கைப் பார்க்கிறார்கள். வசம்பைச் சுட்டுத் தேனில் இழைத்துத் தடவுகிறார்கள். நாக்குக்கு அடியில் ஒட்டியிருக்கிறது, வெட்டிவிட்டால் பேசும் என்று டாக்டரைத் தேடிப் போகிறார்கள். நாக்கு ஒட்டியிருந்தால் பால் குடிக்கச் சிரமப்படலாம், சில எழுத்துகள் தெளிவில்லாமல் வரலாம். ஒரு குழந்தை பேசவே தொடங்காததற்கு அது காரணமாகாது. வசம்பைக் கைக்குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம் என்று குழந்தை மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். ஒரு வயதுக்குள் தேனும் கூடாது. முதலில் பார்க்க வேண்டியது காது.

காது கேட்காமல் பிறக்கும் குழந்தைகள் உலக அளவில் ஆயிரத்துக்கு 1 முதல் 3 வரை இருப்பார்கள். நம் பக்கத்தில் அதற்கும் கூடுதல் என்றே இங்கு நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் சொந்தத்துக்குள் கட்டிக்கொண்டவர்கள். கணவன் மனைவி இருவருக்கும் காது நன்றாகவே கேட்கும். ஆனால் ஒரே தாத்தாவிடமிருந்து இருவருக்கும் வந்த ஒரே மரபணுக் குறை இருவரிடமும் மறைந்திருக்கும். இரண்டும் பிள்ளையிடம் சேரும்போது காது கேட்காமல் போகிறது. மாமன் மகளைக் கட்டியவனைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. சொந்தத்தில் கல்யாணம் நடந்த வீட்டில் பிறக்கிற குழந்தையின் காதை முதல் மாதத்திலேயே பார்த்துவிட வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இந்தக் குறை பல மாதம் தெரியாமலே இருந்துவிடும். காது கேட்காத குழந்தையும் மூன்று நான்கு மாதத்தில் ஆ, ஊ என்று குரல் கொடுக்கும். முகம் பார்த்துச் சிரிக்கும். கதவை அடித்துச் சாத்தினால் தரை அதிர்வதில் திரும்பும். அம்மாவின் நிழல் விழுந்தால் நிமிரும். ஆகவே வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது. ஆறேழு மாதத்துக்குப் பிறகு மற்றக் குழந்தைகள் பாபாபா, தாதாதா என்று அடுக்கத் தொடங்கும்போது இந்தக் குழந்தையின் குரல் அந்த அடுக்குக்கு வந்து சேராது. மெல்லக் குறையும். தொந்தரவில்லாத பிள்ளை, சமர்த்து என்று அந்த அமைதியை எடுத்துக்கொள்ளும் வீடுகள் உண்டு. ஒன்றரை வயதில்தான் ஏதோ சரியில்லை என்று படும். அதன்பிறகு 'வந்துரும்' என்ற ஆறுதல் தொடங்கும்.

சோதனை எளிதானது. குழந்தை தூங்கும்போது காதுக்குள் மிருதுவான சின்ன முனையை வைத்து மெல்லிய ஒலி அனுப்புவார்கள். உட்செவி அதற்குத் திருப்பி எழுப்பும் ஒலியைக் கருவி பதிவுசெய்துகொள்ளும். வலி கிடையாது, சில நிமிடத்தில் முடிந்துவிடும். ஓ.ஏ.இ. என்பார்கள். சந்தேகம் இருந்தால் நரம்பு வழியாக ஒலி மூளைக்குப் போகிறதா என்று பார்க்கும் 'பெரா' சோதனை. முதல் மாதத்துக்குள் சோதனை, மூன்றாம் மாதத்துக்குள் முடிவு, ஆறாம் மாதத்துக்குள் சிகிச்சை என்பது இந்தத் துறையில் உலகெங்கும் வைத்துக்கொண்டிருக்கும் கணக்கு. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் கிறிஸ்டீன் யோஷினாகா-இட்டானோ 1998-இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கணக்குக்குப் பலமான ஆதாரம். 6 மாதத்துக்கு முன் கண்டுபிடிக்கப்பட்டு உதவி கிடைத்த குழந்தைகள், பிந்திக் கண்டுபிடிக்கப்பட்டவர்களைவிட மொழியில் தெளிவாக முன்னே இருந்தார்கள். காது கொஞ்சம் கேட்டதா, அறவே கேட்கவில்லையா என்பதைவிட எப்போது தெரிந்தது என்பது அங்கே பெரிதாக இருந்தது.

காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவை சிகிச்சையை 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் தமிழ்நாடு இலவசமாகச் செய்கிறது. பல லட்சம் ரூபாய் ஆகும் சிகிச்சை அது. கூலி வேலை பார்க்கிறவர்களின் பிள்ளைகளுக்கும் கிடைக்கிறது என்பது இந்த மாநிலம் பெருமைப்படத்தக்க காரியம். ஆனால் கருவி ஒலியை மட்டும்தான் கொடுக்கும். அந்த ஒலிகளில் எது அம்மாவின் குரல், எது மிக்ஸி, எது தன் பெயர் என்று குழந்தை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொள்ள மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். அதற்கு வாரந்தோறும் பஸ் ஏற வேண்டும், அம்மாவின் வேலைநாள் போக வேண்டும், பேட்டரியும் ஒயரும் போனால் மாற்ற வேண்டும். சென்னையில் 1969 முதல் இயங்கும் பாலவித்யாலயா, சின்னஞ்சிறு பிள்ளைகளோடு தாயையும் உட்கார வைத்தே சொல்லிக்கொடுக்கும் பள்ளி. பிள்ளையோடு நாளெல்லாம் இருக்கப்போவது ஆசிரியர் இல்லை என்று அவர்கள் அன்றே கண்டுகொண்டார்கள்.

கருவி பொருந்தாத, அல்லது பிந்திவிட்ட பிள்ளைகளுக்குச் சைகைமொழி இருக்கிறது. கையைக் காட்டிப் பேசினால் வாய்ப்பேச்சு வராது என்று பல பெற்றோரிடம் சொல்லப்படுகிறது. அது சரியில்லை. ஒரு மொழி கிடைத்த பிள்ளைக்கு அடுத்த மொழி எளிதாகிறது. எந்த மொழியும் கிடைக்காத பிள்ளைக்குத்தான் எல்லாம் கடினமாகிறது. நிகராகுவாவின் தலைநகர் மனாகுவாவில் 1970-களின் பிற்பகுதியில் காது கேளாதவர்களுக்கான பள்ளி தொடங்கியபோது, அதுவரை வீட்டுக்குள் தனித்தனியாகக் கிடந்த பிள்ளைகள் முதல்முறையாக ஓரிடத்தில் கூடினார்கள். ஆசிரியர்கள் ஸ்பானிய மொழியில் உதடு படிக்கச் சொல்லிக்கொடுக்க, பிள்ளைகள் விளையாடுமிடத்திலும் பஸ்ஸிலும் தங்களுக்குள் கைகளால் பேசிப் பேசி ஒரு முழு மொழியையே உண்டாக்கிவிட்டார்கள். அடுத்தடுத்து வந்த சிறு குழந்தைகள் அதன் இலக்கணத்தை இன்னும் செறிவாக்கினார்கள். பதில் சொல்ல ஓர் ஆள் எதிரில் இருந்தது போதுமாக இருந்தது அவர்களுக்கு.

பதில் சொல்ல எதிரில் ஆள் இருப்பதை, காது நன்றாகவே கேட்கிற ஒரு பிள்ளையிடம் கிட்டத்திலிருந்து பார்த்திருக்கிறேன். திருநெல்வேலிப் பக்கத்து அரசு மருத்துவமனை ஒன்றின் பேச்சுப் பயிற்சி அறை. பையனுக்கு இரண்டரை வயது இருக்கும். பாயில் அவனுக்கு எதிரே, அவன் கண் மட்டத்துக்குக் குனிந்து பயிற்சியாளர் உட்கார்ந்திருந்தார். நடுவில் ஒரு கண்ணாடி டப்பா, உள்ளே சிவப்புக் கார், மூடியை இறுக்கித் திருகியிருந்தார். பையன் டப்பாவைக் குலுக்கினான். கீழே தட்டினான். முடியாமல் அவரிடம் தள்ளினான். அவர் வாங்கவில்லை. புருவத்தை உயர்த்தி, வாயைச் சற்றுத் திறந்து, அவன் முகத்தைப் பார்த்தபடி இருந்தார்.

அந்த மௌனத்தைப் பையனோடு வந்திருந்த ஆச்சியால் தாங்க முடியவில்லை. கை டப்பாவை நோக்கிப் போனது.

"பொறுங்க ஆச்சி. அவன் கேக்கட்டும்."

"அவனுக்கு அந்தக் காரு வேணும்னு எனக்குத் தெரியாதாம்மா?"

"உங்களுக்கு எல்லாம் தெரியும் ஆச்சி. கேக்குறதுக்கு முந்தி குடுத்துருதீங்க. அவனுக்கும் ஒரு முறை குடுங்க."

பையன் டப்பாவைப் பார்த்தான், அவர் முகத்தைப் பார்த்தான், மறுபடி டப்பாவைப் பார்த்தான். உதடு குவிந்தது. "தோ" என்று ஒரு சத்தம் வந்தது. அவ்வளவுதான். "தொறக்கணுமா? தொறப்போம்! காரு வேணுமா? இந்தா காரு!" என்று அவர் மூடியைத் திருகினார். ஆச்சியின் கண் நிறைந்துவிட்டது. அந்தச் சத்தத்தை அவள் இதற்கு முன் கேட்டதில்லை என்று பக்கத்திலிருந்த மருமகள் சொன்னாள்.

அந்த அறையில் கடந்தது சுமார் பத்து விநாடி. பெரியவர்களுக்கு அது மிக நீண்ட நேரம். ஒரு கேள்வி கேட்டால் இரண்டு மூன்று விநாடிக்குள் நாமே பதிலையும் சொல்லிவிடுகிறோம். சின்னக் குழந்தை கேட்டதைப் புரிந்துகொண்டு, சொல்ல வேண்டியதைத் தேடி, வாயை அதற்குக் கூட்டுவதற்கு நம்மைவிடப் பல மடங்கு நேரம் பிடிக்கும். பிள்ளை வாய் திறக்கப் பத்து விநாடி பொறுக்க நமக்கு முடியவில்லை. அதே பிள்ளையைச் சோதனைக்குக் கொண்டுபோக ஒரு வருடம், ஒன்றரை வருடம் பொறுத்திருக்கிறோம். பொறுமை நம்மிடம் இல்லாமலில்லை; அது வேண்டிய இடத்தை விட்டு வேறு இடத்தில் செலவாகிறது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது அநேகமாக இவ்வளவுதான்.

பேச்சு என்பது வார்த்தைகளைக் காதுக்குள் கொட்டுவதால் வருவதில்லை என்பதற்கு நல்ல ஆதாரங்கள் இருக்கின்றன. பிறந்த குழந்தை உலகின் எந்த மொழி ஒலியையும் பிரித்தறியும். நம் 'த'வுக்கும் 'ட'வுக்கும் உள்ள வேறுபாட்டை ஆங்கிலம் பேசும் பெரியவர்களால் கேட்டுப் பிரிக்க முடிவதில்லை. கனடாவில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், இந்தியில் உள்ள இதே வேறுபாட்டை ஆங்கிலம் பேசும் வீட்டின் 6 முதல் 8 மாதக் குழந்தைகள் பிரித்தறிந்தன. பத்துப் பன்னிரண்டு மாதம் ஆவதற்குள் அந்தத் திறன் மங்கிவிட்டது. முதல் வார்த்தை வாயில் வருமுன்னரே, தன்னைச் சுற்றிப் புழங்கும் மொழிக்கேற்பக் குழந்தையின் செவி தன்னை அமைத்துக்கொண்டுவிடுகிறது.

அந்தக் கதவு மூடுகிற வயதில் வேறு மொழியைக் கேட்கச் செய்தால் என்ன ஆகும் என்று பட்ரீஷியா கூல் அமெரிக்காவின் சியாட்டிலில் சோதித்தார். 9 மாதக் குழந்தைகளுக்கு எதிரே சீன மொழி பேசுகிறவர்கள் உட்கார்ந்து, புத்தகம் காட்டி, பொம்மை வைத்து விளையாடினார்கள். ஒவ்வொரு முறையும் 25 நிமிடம், மொத்தம் 12 முறை. அந்தக் குழந்தைகள் தைவானில் வளரும் குழந்தைகளைப் போலவே அந்த மொழியின் ஒலிகளைப் பிரித்தன. வேறு குழந்தைகளுக்கு அதே ஆட்கள், அதே பேச்சு, அதே நேரம் வீடியோவில் காட்டப்பட்டது. அவை எதையுமே கற்கவில்லை. 2003-இல் வெளியான முடிவு இது. குழந்தைகள் திரையைப் பார்க்கத்தான் செய்தன, கேட்கத்தான் செய்தன. ஆனால் திரையில் இருந்தவர் அந்தக் குழந்தையைப் பார்க்கவில்லை. அது எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றி அவரால் பேச முடியவில்லை.

நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளிடம் ரேச்சல் ரோமியோவும் அவருடைய சக ஆய்வாளர்களும் பாஸ்டன் பகுதியில் செய்த ஆய்வு 2018-இல் வந்தது. பிள்ளையின் உடையில் சின்னப் பதிவுக்கருவியை வைத்து வீட்டுப் பேச்சைப் பதிந்தார்கள். மூளையில் மொழிக்குரிய பகுதி எவ்வளவு இயங்குகிறது என்பதோடு ஒத்துப்போனது, அந்த வீட்டில் பெரியவர்கள் உதிர்த்த வார்த்தைகளின் எண்ணிக்கையைவிட, பெரியவரும் பிள்ளையும் மாறி மாறிப் பேசிய முறைகளின் எண்ணிக்கைதான். வீடு வசதியானதா, ஏழ்மையானதா என்பதைக் கழித்துப் பார்த்தபோதும் அது நின்றது. இதற்கு முன், 1995-இல், அமெரிக்காவில் ஹார்ட், ரிஸ்லி என்ற இருவர் 42 குடும்பங்களைப் பார்த்து, ஏழை வீட்டுப் பிள்ளை 4 வயதுக்குள் மூன்று கோடி வார்த்தைகள் குறைவாகக் கேட்கிறது என்று ஒரு கணக்குச் சொன்னார்கள். அது உலகம் முழுவதும் பரவி, ஏழைத் தாய்மார் மீது ஒரு பழியாகவே விழுந்தது. பின்னால் வந்தவர்கள் அந்தக் கணக்கை மறுத்தார்கள்; தாய் பேசுவதை மட்டும் எண்ணாமல், வீட்டில் இருக்கும் அக்கா, தாத்தா, பக்கத்து வீட்டார் பேசுவதையும் எண்ணினால் இடைவெளி அப்படி இல்லை என்றார்கள். நம் தெருக்களை அறிந்தவர்களுக்கு அது விளங்கும். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணீர்க் குழாயடியில் நிற்கிற பெண்ணைச் சுற்றிப் பத்துப் பேர் அந்தக் குழந்தையிடம் பேசுகிறார்கள்.

கைக்குழந்தையைக் குளிப்பாட்டும் பாட்டியை நினைத்துப் பாருங்கள். மணையில் உட்கார்ந்து, இரண்டு காலையும் நீட்டி, கணுக்கால் மேல் குழந்தையை மல்லாத்திப் போட்டிருக்கிறாள். அவள் முகத்துக்கும் குழந்தையின் முகத்துக்கும் நடுவில் ஒரு முழ தூரம். எண்ணெயைக் கையில் தேய்த்துச் சூடேற்றி, "கை நீட்டுங்க, எந்தக் கையி, இந்தக் கையா" என்று இழுத்து இழுத்து, ஏற்றி இறக்கிச் சொல்கிறாள். குழந்தை ஒரு சத்தம் போடுகிறது. "அப்படியா? யாரு சொன்னா? தாத்தாவா சொன்னாரு?" என்று கேட்டுவிட்டு நிறுத்துகிறாள். குழந்தை கால்களை உதைக்கிறது. "ஆமாமா, கோவம் வந்திருச்சு" என்கிறாள். அந்தச் சில நிமிடங்களில் அவள் செய்தது அத்தனையும் பேச்சுப் பயிற்சியாளர் சொல்லிக்கொடுக்கிற காரியம்: முகத்துக்கு முகம், மெதுவான பேச்சு, நடப்பதைச் சொல்வது, பிறகு நிறுத்திக் குழந்தைக்கு இடம் விடுவது, குழந்தை எதைச் செய்தாலும் அதைப் பதிலாக எடுத்துக்கொள்வது. (காதில் எண்ணெய் விடுவதையும் மூக்கில் ஊதுவதையும் மட்டும் விட்டுவிடலாம், அவை காதுக்கும் நுரையீரலுக்கும் கெடுதல்.) கொஞ்சு மொழி பேசினால் பிள்ளை மழலையிலேயே நின்றுவிடும் என்று படித்த பெற்றோர் சிலர் பாட்டியைத் தடுக்கிறார்கள். தடுக்க வேண்டாம். அந்த இழுவையும் ஏற்ற இறக்கமும் குழந்தையின் கவனத்தைப் பிடித்து வைக்கின்றன, சொற்கள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று காட்டுகின்றன.

ஐந்து வயதில் பேச்சு வந்ததாகச் சொல்லப்படும் குமரகுருபரர்தான் பின்னாளில் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் பாடினார். ஐந்தாம் மாதம் செங்கீரை, ஒன்பதாம் மாதம் சப்பாணி, ஓராண்டு கடந்ததும் வருகை என்று பிள்ளையை மாதக்கணக்கு வைத்துப் பார்க்கும் மரபு அது. கை தட்டு, முத்தம் தா, நடந்து வா, நிலாவே நீ இவளோடு விளையாட வா என்று, இன்னும் பேசாத ஒரு குழந்தையிடம் நூறு பாட்டளவுக்குப் பேசிக்கொண்டே இருக்கிறது. இந்த மாதத்தில் இது வர வேண்டும் என்று எதிர்பார்ப்பதும், வருமுன்னரே வந்துவிட்டதாக நினைத்துப் பிள்ளையோடு பேசுவதும் நமக்குப் புதியவை இல்லை.

இப்போது அந்த முகத்துக்கும் குழந்தைக்கும் நடுவில் செல்போன் வந்திருக்கிறது. ஒரு வாய் சோறு உள்ளே போக வேண்டுமென்றால் பாட்டு ஓட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்கிறது. 2 வயது முதல் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்கிறது. குழந்தையின் கையில் இருக்கும் போனைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். பெரியவர் கையில் இருப்பதைப் பற்றியும் பேச வேண்டும். எட்வர்ட் டிரானிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970-களில் ஒரு சோதனை செய்தார். குழந்தையோடு சிரித்து விளையாடிக்கொண்டிருந்த தாய் திடீரென்று முகத்தை அசைக்காமல், எந்தப் பதிலும் காட்டாமல் சில நிமிடம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். குழந்தை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், குரல் கொடுக்கும், மறுபடி மறுபடி அழைக்கும். கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், அழும். திரையில் மூழ்கிய நம் முகம் குழந்தைக்கு அப்படித்தான் தெரிகிறதோ என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் இதை வைத்துத் தாயை நிறுத்தி விசாரிப்பது கொடுமை. பேசாத பிள்ளையைக் கொண்டுவரும் பெண்ணிடம் வழியெல்லாம் யாராவது சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்: நீ போன் கொடுத்தே, நீ வேலைக்குப் போனே, நீ வயிற்றில் இருக்கும்போது அழுதே. ஆட்டிசம் போனால் வருவதில்லை. தாய் வேலைக்குப் போவதாலும் வருவதில்லை. பெரிதும் பிறவியோடு வருகிற, மரபணுக்களில் வேர் கொண்ட வேறுபாடு அது. ஒரு வயதைத் தாண்டியும் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, விரல் நீட்டி எதையும் காட்டவில்லை, காட்டுகிற பொருளைப் பார்த்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, முன்பு சொன்ன வார்த்தைகளை இப்போது சொல்வதில்லை என்றால், ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். வார்த்தை தொலைந்துபோவது எந்த வயதிலும் உடனே காட்ட வேண்டிய அறிகுறி. பழி சுமத்தப்பட்ட தாய் மறைக்கத் தொடங்குவாள். மறைத்தால் மாதங்கள் போகும்.

இன்னொரு பெரிய இழப்பு ஆங்கிலத்தின் பெயரால் நடக்கிறது. எல்.கே.ஜி. இன்டர்வியூவை நினைத்து, வீட்டில் தமிழ் பேசும் பெற்றோர் இரண்டு வயதுப் பிள்ளையிடம் தெரிந்த கொஞ்சம் ஆங்கிலத்தில் பேசத் தொடங்குகிறார்கள். ஆப்பிள் எங்கே, ரெட் கலர் காட்டு, கம், சிட், டோன்ட் டச். அந்த ஆங்கிலத்தில் கட்டளையும் கேள்வித்தாளும் மட்டும்தான் இருக்கின்றன. அதில் கோபித்துக்கொள்ள, சமாதானம் சொல்ல, நேற்று நடந்ததைச் சொல்ல, பொய்க்கதை கட்ட அவர்களுக்கு வராது. பிள்ளை இழப்பது அதைத்தான். மறுபக்கம், வீட்டில் தெலுங்கோ சௌராஷ்டிரமோ பேசுகிற குடும்பங்களிடமும், வெளிநாட்டில் வாழும் தமிழ்க் குடும்பங்களிடமும், பிள்ளைக்குப் பேச்சு பிந்தினால் உடனே சொல்லப்படுகிறது: குழப்பாதீர்கள், ஒரே மொழி பேசுங்கள். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு பிந்துவதில்லை. பல ஆண்டு ஆய்வுகள் இதில் ஒத்துப்போகின்றன. பேச்சுக் குறைபாடு உள்ள பிள்ளைக்கும் இரு மொழிகள் ஏறும். வீட்டு மொழியை விட்டுவிட்டால் அந்தப் பிள்ளையோடு மணிக்கணக்காகப் பேசக்கூடிய பாட்டியை வாயடைத்து உட்கார வைக்கிறோம். வேறு பயன் இல்லை.

வழி இல்லாமலில்லை. 2013 முதல் நடக்கும் தேசியச் சிறார் சுகாதாரத் திட்டத்தின் கீழ் மாவட்டந்தோறும் ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்க வேண்டும், டி.இ.ஐ.சி. என்று கேட்டால் அரசு மருத்துவமனையில் வழி காட்டுவார்கள். காது, பேச்சு, வளர்ச்சி எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்ப்பது அதன் நோக்கம். ஆனால் அப்படி ஒன்று இருப்பது தெரியாமலேயே, அதற்கு இரண்டு தெரு தள்ளி வசம்பு இழைத்துக்கொண்டிருக்கும் வீடுகள் இருக்கின்றன.

தடுப்பூசிக்கு நம் தாய்மார் தவறாமல் வருகிறார்கள். ஒன்றரை மாதம், இரண்டரை, மூன்றரை, பிறகு ஒன்பதாம் மாதம், பிறகு 16 முதல் 24 மாதத்துக்குள் பூஸ்டர். பேச்சு உருவாகும் காலம் முழுவதும் ஒரு செவிலியரின் முன்னால் அந்தப் பிள்ளை வந்து நிற்கிறது. தாய்-சேய் அட்டையில் எந்த மாதத்தில் எது வர வேண்டும் என்று அச்சடித்தே இருக்கிறது. ஊசி போடும் பக்கத்தைப் புரட்டும் அதே கை அந்தப் பக்கத்தையும் புரட்ட வேண்டும். முதல் ஊசியின்போது, காது சோதனை ஆயிற்றா என்று கேட்க வேண்டும். ஒன்பதாம் மாதத்தில், பின்னால் இருந்து பேர் சொன்னால் திரும்புகிறதா, பாபா தாதா என்று அடுக்குகிறதா என்று கேட்க வேண்டும். பூஸ்டருக்கு வரும்போது, என்னென்ன வார்த்தை சொல்கிறது, விரல் நீட்டிக் காட்டுகிறதா என்று கேட்டுவிட்டு, அம்மா யோசித்துச் சொல்லும் வரை பொறுக்க வேண்டும். இல்லை என்று பதில் வந்தால் அன்றே மாவட்ட மையத்துக்குச் சீட்டு எழுதி, போக வேண்டிய நாளையும் குறித்துக் கொடுக்க வேண்டும். முதல் முறை போகும்போது அங்கன்வாடிப் பணியாளர் யாராவது அவளோடு பஸ் ஏறினால் நல்லது. பெரிய ஆஸ்பத்திரியில் எந்தக் கட்டடம், எந்த வரிசை என்று தெரியாமல், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அலைந்து திரும்பிவிடுகிறவர்கள் இரண்டாம் முறை வருவது கடினம்.